மூச்சின் குறிகளும் மருத்துவர் தேர்வும்

குற்றாலத்தில் ஜூன் மாதச் சாரல் தொடங்கினால் அருவிகளில் கூட்டம் சேரும். அதே ஈரக்காற்று தென்காசி வட்டாரத்தில் சிலருக்கு இருமலையும் இளைப்பையும் கொண்டுவரும். அவர்களின் மார்பில் காதுகருவி வைக்கப்போகும் இப்பகுதிப் பிள்ளைகள் பலர், 1965-இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியை நாடுவர். நுரையீரல் நோயாளி ஒருவரை ஒப்படைத்து, பரிசோதித்துக் கண்டதைக் கூறச் செய்யும் இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வு அவர்கள் அஞ்சுவனவற்றுள் ஒன்று. மருத்துவரைச் சோதிக்கும் இவ்வழக்கம் ஐரோப்பியர் தந்ததென்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பாதியே உண்மை.

மருத்துவரைச் சோதிப்பது குறித்து கிரேக்க அறிஞர் ஜாலீனூஸ் (கேலன்) எழுதிய நூல் இன்று அரபு மொழிபெயர்ப்பிலேயே எஞ்சியுள்ளது. ஹிஜ்ரி 319-இல் (கி.பி. 931) பக்தாதில் மருத்துவர் ஒருவரின் பிழையால் ஓர் உயிர் போயிற்று. அதன்பேரில் கலீஃபா அல்முக்ததிர், ஸினான் இப்னு ஸாபித் சோதித்து அனுமதிக்காத எவரும் மருத்துவம் செய்யலாகாதென முஹ்தஸிபுக்கு ஆணையிட்டார். புகழ்பெற்றோரும் அரசுப் பணியில் இருந்தோரும் நீங்கலாகவே 860-க்கும் மேற்பட்டோர் தேர்வுக்கு வந்தனர் என்கிறார் இப்னு அபீ உஸைபிஆ.

அவர்களுள் நல்லாடை அணிந்த முதியவர் ஒருவர் பொற்காசுகளை ஸினானின் முன்வைத்து, தமக்கு எழுதப் படிக்கத் தெரியாதென்றும், குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்க வேண்டாமென்றும் வேண்டினார். அறியாததை நோயாளிக்குக் கொடுப்பதில்லை, எளிய நோய்க்கன்றிக் குருதி எடுக்கவோ பேதிமருந்து தரவோ செய்வதில்லை என்னும் நிபந்தனையின்பேரில் ஸினான் அனுமதித்தார். காடியும் தேனும் கலந்த ஸிகன்ஜபீன், ஜுலாப் பானம் ஆகியவற்றைத் தாம் ஒருநாளும் தாண்டியதில்லை என்றாராம் முதியவர்! இதனைக் கைக்கூலிக் கதையென நகைப்போர் உண்டு. எனக்கோ அந்த நிபந்தனையே தேர்வின் உயிராகத் தோன்றுகிறது.

மூச்சு நோய்களின் குறிகளை அக்கால அறிஞர் நுணுக்கமாகவே கண்டிருந்தனர். விலாப்புறத்து உறை அழற்சியான ‘தாதுல் ஜன்பு’க்கு இப்னு ஸீனா ஐந்து குறிகள் கூறுகிறார்: விடாத காய்ச்சல், விலாவில் குத்தும் வலி, மூச்சுத் திணறல், இரம்பப்பல் போன்ற நாடி, இருமல். ஆயினும் மார்பின் உள்ளிருப்பதை அறியும் வழிகள் பின்னரே விரிந்தன. விடுதிக்காரரின் மகனான அவுன்புருக்கர், மார்பைத் தட்டிப் பார்க்கும் முறையை 1761-இல் வெளியிட்டார். 1816-இல் பாரிஸில் லென்னக், தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அவரே 1826-இல் காசநோயால் மாண்டார்.

பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்னும் இன்றைய வரிசை சடங்கன்று. நுரையீரல் உறையில் நீர் மிகக் கோத்தாலும், பழைய காசநோயால் நுரையீரல் சுருங்கினாலும், தட்டும்போது ஒலி மந்தமாகவே எழும். நீர் மிகுந்தால் மூச்சுக்குழல் எதிர்ப்புறம் தள்ளப்படும். சுருங்கினால் அதே பக்கம் இழுக்கப்படும். கழுத்தில் விரல்வைத்து அதனை முதலில் அறியாதவர், பின்னர் எத்தனை நேரம் கேட்டாலும் தடுமாறுவர்.

தேர்வுக்கு முன்பே நோயின் பெயரை எவ்வாறோ அறிந்துகொண்டு, கேளாத ஒலியைக் கேட்டதாகக் கூறும் மாணவர் உண்டு. ஸினானின் நிபந்தனை தடுத்தது இதைத்தான். அத்தகையவருக்கு மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் பிற்காலத்தில் சாரல் நாளொன்றில் மூச்சுத் திணறி வரும் முதியவரின் நோயை முன்கூட்டி அவர் காதில் ஓதுவதற்கு எவரும் இருக்கமாட்டார்.