ஐஸ் படகுக்கு முன்னும் பின்னும்: பார்படோஸ் பறவைக்கோலா வழக்கில் மீனவர் வாக்குமூலங்கள்

பார்படோஸுக்கும் டிரினிடாட் டொபாகோவுக்கும் இடையிலான கடல் எல்லை வழக்கில் 2006 ஏப்ரல் 11 அன்று நடுவர் மன்றம் வழங்கிய தீர்ப்பை, பார்படோஸின் கடல் மரபு அண்மைக் காலத்தது என்பதற்குச் சான்றாகக் காட்டுவது எளிது. டொபாகோவை அடுத்த கடலில் தம் மீனவர் நூற்றாண்டுகளாகப் பறவைக்கோலா என்னும் பறக்கும் மீனைப் பிடித்துவந்தனர் என்று பார்படோஸ் வாதிட்டது. மன்றம் அதை ஏற்கவில்லை. பிடித்த மீனை ஐஸிட்டுக் காக்கும் ஐஸ் படகுகள் 1978–80 காலத்தில் வந்த பின்னரே அத்தொழில் தொடங்கியது என்று அது கண்டது. டிரினிடாட் 1986இல் தன் பொருளாதார மண்டலச் சட்டத்தை இயற்றுவதற்கு முந்தைய சில ஆண்டுப் பழக்கம் மரபாகாது என்றது. இதையே பற்றிக்கொண்டு, ஒரு டாலர் நாணயத்தில் பறவைக்கோலா இடம்பெற்றதும், அம்மீனும் கூ-கூ என்னும் மக்காச்சோள மாக்களியும் தேசிய உணவானதும் விடுதலைக்குப் பின் அரசு ஆக்கிக்கொண்ட அடையாளங்களே என்று முடிப்பவர்களும் உண்டு. அவ்வளவு பாரத்தை அத்தீர்ப்பு தாங்காது என்பதே என் துணிபு.

மீனவர் அளித்த வாக்குமூலங்களை மன்றம் கையாண்ட பகுதியே இங்கு மையமானது. அவை தகராறு முற்றிய பின் எழுதப்பட்டவை. வழக்கை மனத்தில் கொள்ளாமல் முன்பே எழுதப்பட்ட அறிக்கைகளுக்கே எடை அதிகம் என்றது மன்றம். ஒரு நடுவர் மன்றத்துக்கு இந்த அளவுகோல் பொருந்தும். வரலாற்றாசிரியர் அதை அப்படியே கடன் வாங்குவதில்தான் சிக்கல். சார்புள்ள சாட்சி எந்தப் பக்கம் சாய்வார் என்று கேட்க வேண்டும். தொன்மையைக் கூட்டிச் சொல்வதில்தான் அந்த மீனவருக்கு ஆதாயம் இருந்தது. இருந்தும், நூற்றாண்டுகள் என்ற வழக்குரைஞர் வாதத்தைத் தாங்கும் அளவுக்கு அவர்களின் கூற்றுகள் நீளவில்லை. தமக்கு ஆதாயமான இடத்தில் மிகைப்படுத்தாத சாட்சியம், தொழில் நடந்த விதத்தைப் பற்றிச் சொல்லும் மற்றவற்றில் நம்பத் தக்கதாகிறது. மன்றம் குறையாகக் கண்டதையே அச்சான்றின் வலிமையாக நான் கொள்கிறேன்.

அப்படியானால் 1978–80 என்ற எல்லைக்கோடு எதை அளக்கிறது? பிடித்த மீன் கெடாமல் இருக்கும் நேரத்தை. விடியலில் புறப்பட்டு அன்றே கரை திரும்பும் படகு, ஐஸ் இல்லாமல் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் டொபாகோப் பக்கம் போய் மீனை விற்கும் நிலையில் கொண்டுவர முடியாது. ஆனால் ஐஸ் படகு புதிதாகத் தந்தது தொலைவை மட்டுமே. மீன்பிடி அறிவை அன்று. பறவைக்கோலா மிதக்கும் பொருள்களில் முட்டையிடும். அதை அறிந்த பார்படோஸ் மீனவர் கரும்புச் சோகையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, நீரோட்டத்தோடு தாமும் மிதந்தபடி, சோகையைச் சுற்றிக் கூடும் மீனைச் செவுள்வலையாலும் கைவலையாலும் பிடித்தனர். கரும்புத் தோட்டத்தின் கழிவு கடலில் கருவியாவது, 430 சதுர கிலோமீட்டர் தீவில் நிலமும் கடலும் எவ்வளவு நெருங்கிக் கிடந்தன என்பதைக் காட்டுகிறது. 1950களில் பாய்ப்படகுகள் எஞ்சினுக்கு மாறியபோதும், பின்னர் ஐஸ் படகு வந்தபோதும் இந்த அறிவே தொடர்ந்தது. ஆக, மன்றம் தேதியிட்டது ஐஸ் பெட்டிக்குத்தான்.

அறிவு பழையதானாலும் அந்தக் குறிப்பிட்ட நீர்ப்பரப்பில் உரிமை பிறக்காது என்பர். சரி, அந்த உரிமையை நான் கோரவில்லை. தொழில்நுட்பம் மாறினால் மரபு அறுந்துவிடும் என்ற வாதமோ, எஞ்சின் பூட்டிய எந்த மீனவச் சமூகத்துக்கும் மரபே இல்லை என்று சொல்வதாக முடியும்; அதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. இடத்தோடு கட்டுண்ட மரபாகத் தன் வழக்கை அமைத்தது பார்படோஸ் தரப்பின் தவறு. பிடிபடும் மீன் எந்த எல்லைக்கும் உட்பட்டதன்று: கிழக்குக் கரீபியனில் அடையாளமிட்டு விடப்பட்ட பறவைக்கோலாக்கள் தீவுவிட்டுத் தீவு நகர்வது தெரியவந்த பின், அவற்றை ஒரே கூட்டமாகக் கொண்டே கரீபியன் வட்டார மீன்வள அமைப்பின் 2014 மேலாண்மைத் திட்டம் வகுக்கப்பட்டது. மன்றமும் டொபாகோக் கடலில் மீன்பிடி உரிமை வழங்கத் தனக்கு அதிகாரமில்லை என்று சொன்ன அதே தீர்ப்பில், மீன்பிடி குறித்து நல்லெண்ணத்தோடு பேசித் தீர்க்கும் கடமை இரு நாடுகளுக்கும் உண்டு என்று பதிந்தது. எந்தப் பருவத்தில் மீன் எங்கே கூடுகிறது, எத்தகைய படகு எவ்வளவு தூரம் அதைத் தொடர்கிறது என்பவை அப்பேச்சில் தவிர்க்க முடியாத கேள்விகள். எல்லை வழக்கில் எடையிழந்த வாக்குமூலங்களை அங்கே முதன்மைச் சான்றாக எடுத்துக்கொள்ள எந்தச் சட்டத் தடையும் இல்லை.