பழைய பாட்டு ஸ்டேஷனுக்கு என்ன ஆச்சு?

"ஏதாவது எழுதிக் கொடுப்பா, ஆனா உன் ஆபீஸ் பெருமை வேண்டாம்" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான நிபந்தனைதான். வயிற்றுப்பாட்டுக்காக நியூ ஜெர்சியில் இருக்கிறேன். தினமும் காரில் போகவர இரண்டு மணி நேரம். கூடவே வருவது ரேடியோ ஒன்றுதான். அந்த ரேடியோவின் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன். அதில் நம்மைப் போன்ற இன்ஜினீயர்களுக்கும் ஒரு சேதி இருப்பதாகப் பட்டது. அதனால் இந்தக் கட்டுரை.

அமெரிக்காவில் 'ஓல்டீஸ்' என்றால் பழைய பாட்டு. அதற்கென்றே ஊருக்கு ஊர் ஸ்டேஷன்கள் இருந்தன. இந்தப் பெயர் நிலைத்ததில் லாஸ் ஏஞ்சலிஸ் அறிவிப்பாளர் ஆர்ட் லபோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1950-களில் ஹாலிவுட்டில், காரில் உட்கார்ந்தபடியே சாப்பிடும் ஓர் உணவகத்திலிருந்து அவர் நேரடி ஒலிபரப்பு செய்தார். அங்கே வந்த இளவட்டங்கள் புதுப் பாட்டோடு மூன்று நான்கு வருஷத்துப் பழைய பாட்டுகளையும் கேட்டார்கள். அதைக் கவனித்த மனுஷன் 1959-இல் அப்படிப்பட்ட பாட்டுகளைத் தொகுத்து ஒரு எல்.பி. தட்டாகவே போட்டுவிட்டார். நன்றாக விற்றது. அவர் கருத்துக்கணிப்பு எதுவும் நடத்தவில்லை. எதிரே நின்றவர்களிடம் "என்ன பாட்டு வேணும்?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

நியூயார்க்கில் 1960-களின் ராஜா டபிள்யூ.ஏ.பி.சி. 770 கிலோஹெர்ட்ஸில் 50,000 வாட் ஏ.எம். நிலையம். டான் இங்கிராம், ஹாரி ஹாரிசன், ரான் லண்டி, 'கசின் ப்ரூசி' என்ற ப்ரூஸ் மாரோ. இலங்கை வானொலி என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அப்துல் ஹமீதின் குரல் காதில் ஒலிக்கிறதே, அதுபோல அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் குரல்கள். பின்னர் ஸ்டீரியோ துல்லியத்தோடு எஃப்.எம். வந்தது, ஏ.எம்.மில் பாட்டு கேட்பவர்கள் குறைந்தார்கள். 1982 மே மாதம் டபிள்யூ.ஏ.பி.சி. பாட்டை நிறுத்திப் பேச்சுக்கு மாறியது. ஆனால் அந்தக் குரல்கள் ஊரை விட்டுப் போகவில்லை. 1972-லேயே பழைய பாட்டு நிலையமாகிவிட்ட 101.1 டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம்.முக்கு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஸ்டேஷனின் சுவை என்ன? பாட்டின் முன்னிசை ஓடும்போதே அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருப்பார். பாடகர் வாய் திறக்கும் கணத்துக்கு ஒரு நூலிழை முன்னால் பேச்சை முடிப்பார். டான் இங்கிராம் இதில் மன்னன். நடுநடுவே மழை, போக்குவரத்து நெரிசல், நேற்று ராத்திரி பேஸ்பால் ஆட்டம், ஒரு கிண்டல். ஞாயிற்றுக்கிழமை இரவில் டான் கே. ரீட் நடத்திய டூ-வாப் நிகழ்ச்சி. டூ-வாப் என்பது 1950-களில் பிராங்க்ஸ், புரூக்ளின் போன்ற பகுதிகளின் தெருமுனைகளில் பையன்கள் வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடி வளர்ந்த இசை. அதாவது அந்த ஊர் மண்ணின் சரக்கு. வேறு ஊர் ஸ்டேஷனுக்கு அது தேவையே இல்லை. நியூயார்க்குக்குத் தேவைப்பட்டது.

இப்படிப்பட்ட ஸ்டேஷன்கள் ஏன் சப்பென்று ஆயின? மூன்று காரணங்களைச் சொல்வேன்.

முதல் காரணம், பாட்டுப் பரீட்சை. சுமார் நூறு பேரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து, சில நூறு பாட்டுகளில் ஒவ்வொன்றிலும் ஏழெட்டு விநாடி மட்டும் போட்டுக்காட்டி மார்க் போடச் சொல்வார்கள். சராசரி குறைந்த பாட்டு வெளியே. இதில் சிக்கல் என்னவென்றால், பத்துப் பேர் உயிரையே விடும் பாட்டு தோற்றுப்போகும். யாருக்கும் பெரிதாக வெறுப்பு இல்லாத பாட்டு ஜெயித்துவிடும். கடைசியில் தேறுவது முந்நூறு சொச்சம். மணிக்குப் பன்னிரண்டு பாட்டு என்றால் 24 மணி நேரத்துக்கு 288. கிட்டத்தட்ட மொத்தப் பெட்டியும் ஒரே நாளில் காலி! மூவாயிரம் பாட்டு வைத்திருந்தால் பத்து நாள் ஓடும். "அட, இதைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு!" என்று துள்ளுவதற்கு வழியே இல்லாமல் போனது இப்படித்தான்.

இரண்டாவது, 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அதற்கு முன் ஒரு கம்பெனி நாடு முழுவதும் 20 ஏ.எம்., 20 எஃப்.எம். நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது. பெரிய ஊர்களில் ஒரே முதலாளி எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆனது. நாற்பது சொச்சம் நிலையங்களோடு இருந்த கிளியர் சேனல் சில ஆண்டுகளில் சுமார் 1,200 நிலையங்களுக்கு முதலாளியானது. கடன் வாங்கி வாங்கினால் வட்டி கட்ட வேண்டுமே? ஆட்குறைப்புதான் சுலபமான வழி. அப்போது கைகொடுத்தது கம்ப்யூட்டர். அறிவிப்பாளர் பேச வேண்டிய துண்டுகளை மட்டும் பதிவு செய்து கொடுத்தால், நான்கு மணி நேர நிகழ்ச்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கோ ஓர் ஊரில் உட்கார்ந்து நான்கைந்து ஊர்களுக்குப் பேசலாம். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டினாலும் அவருக்குத் தெரியாது. பிற்பாடு 2008-இல் தனியார் முதலீட்டு நிறுவனங்கள் பெருங்கடனில் கிளியர் சேனலை வாங்கின. ஐஹார்ட்மீடியா என்று பெயர் மாறிய அதே நிறுவனம் 2018-இல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. சிக்கனம் செய்தும் கரையேறவில்லை.

மூன்றாவது, வயசு. விளம்பரக்காரர்கள் விலை கொடுப்பது பெரும்பாலும் 25 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு. 1955-இல் பதினைந்து வயதாக இருந்தவர் 1995-இல் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். காது நன்றாகத்தான் கேட்கிறது, பர்ஸிலும் காசு இருக்கிறது. ஆனாலும் அவர் கணக்கில் இல்லை. அதனால் முதலில் 50-களின் பாட்டு மெல்ல மறைந்தது, பிறகு 60-கள். டான் கே. ரீடின் நிகழ்ச்சி 2002-இல் நின்றது.

உச்சக்கட்டம் 2005 ஜூன் 3. அன்று மாலை, முன்னறிவிப்பு இல்லாமல், டபிள்யூ.சி.பி.எஸ். எஃப்.எம். 'ஜாக்' என்ற வடிவத்துக்கு மாறியது. அறிவிப்பாளர்களே கிடையாது, பதிவு செய்த ஒரு கேலிக்குரல் மட்டும். புரூக்ளினில் பிறந்து வளர்ந்த என் சீனியர் ஒருவர் இன்றும் இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். "பாட்டு எங்க வீட்டு அலமாரியிலேயே இருக்கு தம்பி, போனது ஆளுங்கதான்" என்பது அவர் கட்சி. ரேட்டிங் சரிந்தது. 2007 ஜூலை 12-இல் பழைய பெயரும் அறிவிப்பாளர்களும் திரும்பினார்கள். ஆனால் 50-களின் பாட்டு பெரும்பாலும் திரும்பவில்லை. அதே காலகட்டத்தில், எந்த நிமிஷம் எந்த ஸ்டேஷன் காதில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளும், இடுப்பில் மாட்டும் அளவுகருவி வந்தது. பேச்சு நீண்டால் வரைகோடு இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. "பேச்சைக் குறை" என்று உத்தரவு வந்தது.

இந்தக் கதையில் தனி வில்லன் யாரும் இல்லை, கவனித்தீர்களா? பரீட்சை வைத்தவர், கணக்கு எழுதியவர், கம்ப்யூட்டர் மாட்டியவர் எல்லாரும் அவரவர் வேலையைத் திறமையாகவே செய்தார்கள். ஆள் ஸ்டேஷனை மாற்றாமல் இருந்தால் போதும் என்பதே அளவுகோல். ஆனால் மாற்றாமல் இருப்பது வேறு, ஆசையாகக் காத்திருப்பது வேறு. இரண்டாவதை அளக்கக் கருவி இல்லை. அளக்க முடியாதது பட்ஜெட்டில் முதலில் வெட்டுப்படும். டிசைன் மீட்டிங்கில் உட்காரும் நமக்கும் இது பொருந்தும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. டபிள்யூ.ஏ.பி.சி.யை நியூயார்க் வியாபாரி ஜான் கட்சிமாடிடிஸ் வாங்கிய பிறகு, 2020-இல் ப்ரூஸ் மாரோ 84 வயதில் அதே பழைய நிலையத்துக்குச் சனிக்கிழமை இரவுப் பாட்டோடு திரும்பினார். முடிவெடுக்கும் ஆள் அதே ஊர்க்காரராக இருந்ததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் சந்திப்பின் மாலை நிகழ்ச்சிக்குப் பாட்டுப் பட்டியல் தயாராகிறது என்று கேள்வி. குழுவுக்கு என் சிறிய விண்ணப்பம்: அதைச் செல்போன் செயலி கையில் விட்டுவிடாதீர்கள். நம்மில் வாயாடி ஒருவர் கையில் மைக்கைக் கொடுங்கள். எந்த ஹாஸ்டல் ரூமில் எந்தப் பாட்டு தேய்ந்தது என்று அவருக்குத்தான் தெரியும். நடுவில் கொஞ்சம் அறுப்பார், பரவாயில்லை, பொறுத்துக்கொள்வோம்.

— ஒரு பழைய மாணவர், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை