ஈறும் உள்ளமும்: ட்ரென்டன் மருத்துவமனையின் வரலாறு

ஈறு நோய்க்கும் மனநலத்துக்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி இப்போது நம்மிடையே அடிக்கடி பகிரப்படுகிறது. மிஸ்வாக்கின் சிறப்பைச் சொல்ல வருவோரில் சிலர், பல் துலக்கினாலே மனநோய் அண்டாது என்ற அளவுக்குச் சென்றுவிடுகின்றனர். தொடர்பு உண்டு என்பது உண்மையே. ஆயினும் அவ்வுண்மையின் ஒரு முனையை மட்டும் பற்றிக்கொண்டு அவசரப்பட்டபோது என்ன நேர்ந்தது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது.

1900ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவர் வில்லியம் ஹன்டர், பல்லிலும் ஈறிலும் தங்கும் சீழே உடலின் பல நோய்களுக்குக் காரணம் என எழுதினார். இக்கருத்தை மனநோய்க்கும் நீட்டியவர் ஹென்றி காட்டன். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள ட்ரென்டன் அரசு மனநல மருத்துவமனையின் பொறுப்பை 1907இல் ஏற்றவர் அவர். கொடியவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது; நோயாளிகளைப் பிணைத்து வைக்கும் கருவிகளை வந்தவுடன் அகற்றியவரும் அவரே. சீழை அடக்கும் மருந்துகள் அன்று இல்லை. ஆகவே சீழ் இருக்குமிடத்தையே அகற்றிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

ஆயிரக்கணக்கான பற்கள் பிடுங்கப்பட்டன. நோயாளிகள் மறுத்தபோதும் சிகிச்சை நிற்கவில்லை. குணமாகாதவர்களுக்கு அடுத்து டான்சில், அதன்பின் பெருங்குடல் என்று கத்தி உள்ளே சென்றுகொண்டே இருந்தது. குடல் அறுவைக்கு உள்ளானோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் இறந்ததை அவரே ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும் நூற்றுக்கு 85 பேர் குணமடைகின்றனர் என்று அறிவித்தார், செய்தித்தாள்கள் போற்றின. தம் பிள்ளைகளின் பற்களையும் அவர் எடுக்கச் செய்தார் என்பதிலிருந்து அவருடைய நம்பிக்கையின் உறுதி விளங்கும்.

1924இல் ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் இதனை ஆராய அனுப்பப்பட்டார். பற்களை இழந்து, சரிவர மெல்லவும் தெளிவாகப் பேசவும் இயலாதவர்களை அவர் அங்கே கண்டார். சிகிச்சையால் பலன் இல்லை, கேடே மிகுதி என்பது அவரது முடிவு. அவரை அனுப்பிய பேராசிரியர் அடால்ஃப் மேயரோ அவ்வறிக்கையை வெளியிடவில்லை. 1933இல் காட்டன் இறந்தபின் அவரைப் புகழ்ந்து எழுதியவரும் மேயரே. அறிந்தவர் மறைத்த இச்செயல், நம் பார்வையில், அறியாதவர் செய்த தவறைவிடக் கடுமையானது.

காட்டனுக்கு 900 ஆண்டுகளுக்கு முன் குர்துபாவில் வாழ்ந்த அஸ்ஸஹ்ராவிக்குக் கிருமி என்பதே தெரியாது. ஆயினும் பல்லில் படியும் காரை ஈற்றைக் கெடுப்பதை அவர் கண்டறிந்து, அதைச் சுரண்டியெடுக்கும் கருவிகளை 'அத்தஸ்ரீஃப்' நூலில் படங்களாக வரைந்து வைத்தார். பல்லைப் பிடுங்குவதில் அவசரம் கூடாது என்றும் எச்சரித்தார். அவருக்கும் முந்தியவரான பல்க் நகரத்து அபூ ஸைத் அல்பல்கீ (850–934), உடலுக்கு ஒரு பகுதியும் உள்ளத்துக்கு ஒரு பகுதியுமாக ஒரே நூலை எழுதினார். ஒன்றின் துன்பம் மற்றொன்றையும் தொடும் என்று விளக்கிய அவர், உள்ளத்துக்குரிய சிகிச்சையை உடலோடு முடித்துவிடவில்லை.

இன்றைய மருத்துவமும் தொடர்பை இருவழிப் பாதையாகவே காண்கிறது. ஈற்றின் அழற்சி இரத்தத்தின் வழியே உடலெங்கும் பாதிப்பை உண்டாக்கக்கூடும். அது மனச்சோர்வில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது ஆய்வில் உள்ளது. மறுபுறம் தெளிவாகவே இருக்கிறது. மனம் சோர்ந்தவர் பல் துலக்குவதை விட்டுவிடுகிறார். மனநல மருந்துகள் பலவும் உமிழ்நீரைக் குறைத்து வாயை உலர்த்துகின்றன. உமிழ்நீர் குறைந்தால் பற்களும் ஈறும் விரைவில் கெடுகின்றன. இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டுமே தவிர, மருந்தை நாமாக நிறுத்திவிடக் கூடாது.

நம் வீடுகளில் மனநோயுற்றவருக்கு உணவும் உடையும் தருகிறோம்; ஓதிப் பார்க்கிறோம். அவருடைய வாயை யார் கவனிக்கிறார்கள்? நபி (ஸல்) அவர்களின் இறுதி வேளையில், அவர்களின் பார்வை மிஸ்வாக்கின் மீது சென்றதை அன்னை ஆயிஷா (ரலி) கவனித்தார்கள். அதை வாங்கித் தம் பல்லால் மென்று மென்மையாக்கி, நபியவர்களுக்குக் கொடுத்தார்கள். இச்செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.