அரைவயித்துப் பேட்டரியும் நூத்தறுபது வருஷக் கதையும்

2012-ஐ எங்க ஊர்ல யாரும் லேசில் மறக்க மாட்டாங்க. சென்னையில் ரெண்டு மணி நேரம் கரண்ட் போனதுக்கே நீங்க எவ்வளவு அவதிப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. சில நாள் அந்தக் கணக்கும் தப்பிப்போகும். பொண்ணு பத்தாவது போகப் போறாளேன்னு பொங்கல் முடிஞ்ச கையோடு நாலு ஆட்டை வித்து, ஒரு இன்வெர்ட்டரும் 150 ஏ.ஹெச். பேட்டரியும் வாங்கினேன். அடுத்த வருஷம் பரீட்சைக்கு ஒரு மாசம் இருக்கும்போது பேட்டரி செத்துப்போச்சு. பத்து நிமிஷம்கூட லைட் எரியலை.

மெக்கானிக் தம்பி மூடியைத் திறந்து பார்த்துட்டு, "அண்ணே, இதுக்கு வயிறு நெறையவே இல்லை. அரைவயித்துச் சோறு போட்டே கொன்னுட்டீங்க" என்றார். தினமும் சார்ஜ் ஆகிட்டுத்தானே இருந்தது? அந்தச் சந்தேகத்தில்தான் இந்தப் பேட்டரியோட பழைய கதையைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன்.

1859-ல் பிரான்ஸில் காஸ்டன் பிளான்டே என்பவர் ரெண்டு ஈயத் தகட்டைச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வச்சார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தக்கூடிய முதல் பேட்டரி அதுதான். அதுக்குக் கரண்ட் கொடுக்க அப்போ டைனமோ புழக்கத்தில் இல்லை. வேற வகைப் பேட்டரிகளை வச்சுத்தான் சார்ஜ் ஏத்தினார். 1881-ல் கமில் ஃபோர் தகட்டின் மேல் ஈய ஆக்சைடைப் பசை மாதிரி பூசினார். ஒரே எடையில் நிறைய மின்சாரம் தங்கியது. டைனமோவும் வந்து சேர்ந்தது. பேட்டரி வியாபாரம் சூடுபிடிச்சது.

சிக்கலும் அதோடுதான் வந்தது. பேட்டரி செலவாகும்போது ரெண்டு தகட்டிலும் ஈய சல்ஃபேட் படியும். சார்ஜ் ஏத்தினால் அது கரைஞ்சு பழைய நிலைக்குத் திரும்பும். காலியா இருக்கும்போது எவ்வளவு கரண்ட் கொடுத்தாலும் இழுத்துக்கும். நிறைய நிறைய அந்த வேகம் குறைஞ்சுடும். அப்பவும் அடிச்சு ஏத்தினால், தண்ணி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிஞ்சு குமிழியாகக் கொதிக்கும். அதனால அந்தக் காலத்துச் சார்ஜ் அறைகளில் ஒரு ஆள் ஹைட்ரோமீட்டரோட நின்னு, குமிழி வர வர கரண்டைக் கையாலேயே குறைப்பார்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் இன்னொரு வழியைக் கையாண்டன. நிறைஞ்ச பேட்டரியைக் கழட்டாமல், லைனிலேயே மெல்லிய அழுத்தத்தில் விட்டுவைப்பது. பேட்டரி லைனில் மிதக்குது என்பதால் அதுக்கு 'ஃப்ளோட்' என்று பேர். 1957-ல் தைரிஸ்டர் வந்தது, பிறகு சின்னச் சிப்புகள் வந்தன. சார்ஜ் அறையில் நின்ன ஆளோட வேலை ஒரு சர்க்யூட் போர்டுக்குள் அடங்கிப்போச்சு.

இன்னைக்கு நல்ல இன்வெர்ட்டர் செய்வது அதே வேலைதான். நான் வயலை வச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். காய்ஞ்ச வயலுக்கு மடையை முழுசாத் திறக்கிறோம். அது முதல் கட்டம், பல்க். என் பேட்டரிக்கு 15 ஆம்பியர் போகும், வோல்ட் சுமார் 14.4 வரை ஏறும். அதுக்குள்ள முக்கால்வாசிக்கு மேல நிறைஞ்சிருக்கும். அடுத்து வோல்டை அங்கேயே நிறுத்திட்டு, கரண்ட் தானாகக் குறைய விடும். மடையைச் சுருக்கி மேட்டுப் பாத்திக்கும் தண்ணி ஊற விடுற மாதிரி. இது அப்சார்ப்ஷன். கடைசியா 13.6 வோல்ட் பக்கம் இறக்கி, வத்துறதை மட்டும் ஈடுகட்டும். அதுதான் ஃப்ளோட்.

இதில் அதிக நேரம் பிடிப்பது ரெண்டாவது கட்டம். மிச்சமிருக்கிற கொஞ்சத்தை நிரப்ப மணிக்கணக்கா ஆகும். ஒரு மணி நேரம் விட்டு ஒரு மணி நேரம் கரண்ட் வந்த ஊர்ல, என் பேட்டரி அந்தக் கட்டத்தை முடிச்சதே இல்லை. கரையாமல் விட்ட சல்ஃபேட் மாசக்கணக்கில் தகட்டிலேயே இறுகிப்போச்சு. இன்வெர்ட்டர் மேல தப்பில்லை, அதுக்கு நேரம் கிடைக்கலை. என் பங்குக்கு நானும் டிஸ்டில்டு வாட்டருக்குப் பதிலா போர் தண்ணியை ஊத்தி வச்சிருந்தேன். அதனால வாரண்டியும் போச்சு.

பொண்ணு அந்த மாசம் முழுக்க அரிக்கேன் விளக்கில் படிச்சு பாஸ் பண்ணிட்டா. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகையில் அவ கண்ணைக் கசக்கினது இன்னும் எனக்குக் கண்ணுக்குள்ளேயே நிக்குது.

உங்க வீட்டுப் பேட்டரியில் மாசம் ஒரு தடவை தண்ணி மட்டம் பாருங்க. பக்கத்தில் தீக்குச்சி கிழிக்காதீங்க, வர்றது ஹைட்ரஜன். ரொம்ப நேரம் கரண்ட் போய் வந்தால், அன்னைக்கு ராத்திரி முழுக்க சார்ஜில் விடுங்க. பச்சை லைட் வந்ததும் சுவிட்சை அணைக்கிற சிக்கனம் வேண்டாம். நான் அந்தச் சிக்கனத்தையும் பண்ணினவன்தான்.