லயத்து வீட்டிலிருந்து வாடகை வீடு வரை

வரலாற்றுப் பாடத்தில் ரப்பர் தோட்டங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கிறோம். "தோட்டம் மூடினதும் அந்தச் சனங்க எங்க சார் போனாங்க?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பதிலுக்கு உதவும் சில குறிப்புகள் இங்கே.

தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு ஒட்டியது. லயத்து வீட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும் அது நிர்வாகத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதே கதைதான். ஐம்பதுகளின் பிற்பகுதியில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒன்றாக இழந்தன. அதைத் தடுக்கத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கட்டிய காசில்தான் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் தாமான்களாகவும் நெடுஞ்சாலைகளாகவும் மாறின. 1990இல் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வந்தது. வேலையில் இருப்பவருக்கு முதலாளி தரும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அது சொன்னது. வேலை முடிந்து வெளியேறியவருக்கு அதில் வீட்டுரிமை கிடைக்கவில்லை. பலர் புறம்போக்கு நிலத்துக்கும், பின்னர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். மற்றவர்கள் வாடகைச் சந்தைக்கு வந்தார்கள்.

அங்கே புதிய கதவு ஒன்று மூடியிருந்தது. "இந்தியர்களுக்கு இல்லை" என்று விளம்பரத்திலேயே போடுவார்கள். போடாதவர்களும் பெயரைக் கேட்டதும் "வீடு போயிருச்சு" என்பார்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு சமத்துவம் பேசுகிறதே என்று கேட்கலாம். 2005இல் விமானப் பணிப்பெண் ஒருவர் தொடுத்த வழக்கில், அந்தப் பாதுகாப்பு அரசுக்கும் அதன் அமைப்புகளுக்கும் எதிரானது, தனியாரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு வந்தது. வீட்டுக்காரரும் தனியார்தானே! சுஹாகாம் இருக்கிறது, ஆனால் வாடகை மறுத்தவரைத் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை.

அமெரிக்காவின் அனுபவம் இங்கே உதவும். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11இல், வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே கையெழுத்தானது. ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பல் இல்லை. வீடமைப்புத் துறை சமரசம் பேசலாம், அவ்வளவுதான். பொய்யை நிரூபிப்பதும் கஷ்டம். "வீடு போயிருச்சு" என்றால் அது உண்மையா என்று தனி ஆளுக்கு எப்படித் தெரியும்? அதற்காகச் சமூக அமைப்புகள் ஒரு வழி கண்டன. ஒரே வருமானம், ஒரே வேலை உள்ள இருவரை, ஒரு வெள்ளையரையும் ஒரு கறுப்பரையும், ஒரே வீட்டைக் கேட்டு அனுப்பினார்கள். பதில் வேறுபட்டால் அதுவே சாட்சி. அப்படிப் போய்ப் பொய்யான தகவல் பெற்றவரும் வழக்குத் தொடரலாம் என்று 1982இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 1987இல் இத்தகைய அமைப்புகளுக்கு அரசே நிதி தரும் திட்டம் உருவானது. 1988இல் சட்டத் திருத்தம் அபராத அதிகாரத்தையும் சேர்த்தது. பாகுபாடு அங்கே ஒழிந்துவிடவில்லை. ஆனால் புகார் செய்ய ஓர் இடம் உண்டு, விசாரிக்கக் காசும் உண்டு.

நம் நாட்டிலும் குடியிருப்பு வாடகைச் சட்டம் பற்றிச் சில ஆண்டுகளாகப் பேச்சு நடக்கிறது. அது வரும்போது நாம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இனத்தைக் காட்டி மறுப்பது குற்றம் என்று தெளிவாக எழுதப்படுமா? அதைக் கண்டுபிடிக்க வரவு செலவுத் திட்டத்தில் பணம் ஒதுக்கப்படுமா? இரண்டாவது இல்லையென்றால் முதலாவது ஏட்டுச் சுரைக்காய்தான்.

வகுப்பில் ஒரு பயிற்சி தரலாம். தாத்தா பாட்டி குடியிருந்த வீடுகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் ஏன் விட்டார்கள் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். வீடு கிடைக்காத குடும்பம் ஊர் மாறும். பிள்ளை பள்ளி மாறும். நம் வருகைப் பதிவேட்டில் பாதியில் நின்றுபோகும் பெயர்களுக்குப் பின்னாலும் இந்த வரலாறு இருக்கலாம்.