லயம் லாயமன்று

மலேசியாவின் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டங்களின் லயங்களில், அதாவது தொழிலாளர் குடியிருப்புகளில், பிறந்தவர்களே இன்று மேடையேறி, "லயம் என்பது லாயம், வெள்ளைக்காரன் நம்மைக் குதிரைகளோடு சேர்த்தான்" என்று முழங்குகிறார்கள். கோபம் நியாயமானது, சொல்வரலாறு பிழையானது.

லாயத்தின் நெடில் ஏன் குறுகியது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. ஆலயத்தின் முதலெழுத்தை வெட்டி லயமாக்குவோர் கூற்றும் நிற்காது. இசைநூலார் சொல்லும் இலயம் தாளத்தைச் சேர்ந்தது, வீட்டைச் சேர்ந்ததன்று.

லயம் 'லைன்'தான். ஒரே கூரையின்கீழ் வரிசையாக அடைத்த அறைகளைத் துரைமார் 'கூலி லைன்ஸ்' என்றார்கள். ஐகாரம் அய் என ஒலிக்க லைன் லயனாயிற்று. நிலன் நிலமாகவும் நலன் நலமாகவும் கலன் கலமாகவும் வருவதுபோல லயன் லயமாயிற்று. இந்த மயக்கத்தைத் தொல்காப்பியர் மொழிமரபிலேயே காட்டிவிட்டார். இலங்கை மலையகத்திலும் லயன், லயம் இரண்டும் வழங்குகின்றன. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

'கூலி'யை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. குறள் 619இல் அது உழைப்பின் பயன். வீட்டு வாடகைக்கு நம் சொல் குடிக்கூலி. லயத்தார் அதைக் கையால் எடுத்துக் கொடுக்கவில்லை. எனவே அவர்கள் வாடகைக்குடிகள் அல்லர், வேலை போனால் வீடும் போகும் என்றது நிருவாகம். 1950களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது (பொருளியலாளர் உங்கு அசீஸ் ஆராய்ந்தது இதைத்தான்) குடும்பங்கள் வேலையையும் கூரையையும் ஒருசேர இழந்தன. ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் கண்டதும் இந்தக் கொடுமையைப் பார்த்துத்தான்.

வாடகைக்குடியா இல்லையா என்பது வெறும் சொற்சண்டையன்று, சட்டப் பாதுகாப்பே அதில் தொங்குகிறது. மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம், பிரிவு 7(2), வாடகைக்காலம் முடிந்தபின்னும் தங்கியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாக அன்றி வெளியேற்றலாகாது என்கிறது. பூட்டை மாற்றுவதும் சாமான்களை வாசலில் வீசுவதும் உரிமையாளரின் அதிகாரமல்ல. பிரிவு 8, சட்டவழியின்றி வெளியேற்றப்பட்டவர் வழக்காடி இடத்தை மீட்க இடந்தருகிறது. தமிழர் பலர் இதை அறியாமலே சாமான் கட்டுகிறார்கள்.

குடி என்ற சொல்லே ஊன்றி வாழ்வதைக் குறிப்பது. புகாரின் பெருமைக்கு இளங்கோவடிகள் காட்டும் அடையாளம், இருப்பிடம் விட்டுப் பெயர்ந்தறியாத அதன் பழங்குடிகள். தலைமுறைகளாக லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்தச் சொல் பொருந்தாதென்று எந்த அகராதியை வைத்துச் சொல்வது? வீடு தருகிறோம் என்று சொல்லித்தானே சம்பளத்தைக் குறைத்தார்கள்? அந்தக் குறைவுதான் குடிக்கூலி. கைக்கு வருமுன்பே கழிக்கப்பட்டது. லயத்தார் வாடகை கட்டிய குடிகளே. இதில் எனக்கு ஐயமில்லை.