அழுகண்ணி

அழுகண்ணி என்பது துரொசெரா சாதியைச் சேர்ந்த, பூச்சி பிடித்துண்ணும் சிறு செடிகளுக்குத் தமிழில் வழங்கும் பெயர். வேறு சில மூலிகைகளையும் இப்பெயரால் அழைப்பதுண்டு. இலங்கையில் வளரும் மூன்று துரொசெரா இனங்களுள் துரொசெரா பர்மன்னி ஈரமணலில் நாணயம்போல் வட்டமாகப் படிந்து கிடக்கும். அதன் ஆப்பு வடிவ இலையில் சிற்றெறும்பு பட்டால் விளிம்பிலுள்ள இழைகள் சில நொடிகளில் உள்நோக்கி மடிந்துவிடும். துரொசெரா இண்டிகாவோ தண்டு விட்டு எழுந்து, நூல் போன்ற இலைகளில் பசைத்துளிகளைத் தாங்கி நிற்கும். சிங்களத்தில் முன்னது வட்டெஸ்ஸ, பின்னது கந்துளெஸ்ஸ. ஒன்றில் வட்டமும் மற்றதில் கண்ணீரும் தெரிகின்றன. ஆக, ஊர்ப்பெயர்கள் இலைத்தோற்றத்தைப் பற்றியவை. ஆனால் இச்செடிகளின் உறவுமுறையைத் தீர்த்துவைத்தது பூ.

பர்மன்னி என்ற பெயருக்கும் பர்மா நாட்டுக்கும் தொடர்பில்லை. 1737இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி நூல் வெளியிட்ட ஆம்ஸ்டர்டாம் அறிஞர் யொஹான்னஸ் பர்மனின் நினைவாக, 1794இல் மார்ட்டின் வால் அதைச் சூட்டினார். இண்டிகாவுக்கு லின்னேயஸ் 1753இலேயே பெயரிட்டிருந்தார். 1848இல் தாவரவியலாளர் பிளான்ஷோன் இச்சாதியைப் பிரிவுகளாக வகுத்தபோது பர்மன்னியும் இண்டிகாவும் வெவ்வேறு பிரிவுகளுக்குப் போயின. பர்மன்னியின் பூவில் சூலகத்திலிருந்து எழும் கிளைக்காத ஐந்து தம்பங்கள் உண்டு. இண்டிகாவில் தம்பங்கள் மூன்றே, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்தது. ஐந்து தம்ப அமைப்பில் பர்மன்னிக்கு நெருங்கியது தென்னமெரிக்காவின் செசிலிபோலியா. சமுத்திரங்களுக்கு அப்பாலுள்ள செடியை வெறும் தம்பக் கணக்கை வைத்து உறவாக்கலாமா என்று கேட்பது நியாயமே. 2003இல் வெளியான மரபணு ஆய்வு அவ்விரண்டையும் ஒன்றாகவே சேர்த்து, பூவின் சாட்சியத்தை உறுதிப்படுத்தியது.

அப்படியானால் ஊர்ப்பெயர்கள் வீணா? கண்டியை அடுத்த பேராதனையில் 1821இல் தாவரவியல் பூங்காவை அமைத்த அலெக்சாண்டர் மூன் அப்படி எண்ணவில்லை. 1824இல் அவர் வெளியிட்ட பட்டியலில் இலத்தீன் பெயர்களோடு சிங்களப் பெயர்களும் இடம்பெற்றன. பூக்காத காலத்தில், தாழ்நிலத்தில், வட்டமும் கண்ணீரும் இரு செடிகளையும் பிழையின்றிப் பிரித்துக் காட்டும். ஆனால் மலைநாட்டுப் பத்தனைப் புல்வெளிகளில் அந்த அடையாளம் போதாது. அங்குள்ள மூன்றாவது இனத்தை, பேராதனைப் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் பெல்டாட்டா என்றார். இன்று லுனாட்டா என்போரும் உளர். நிமிர்ந்து வளரும் அச்செடியும் இளமையில் நிலத்தோடு வட்டமாகவே இலை விரிக்கும். அந்த நிலையில் அதை வட்டெஸ்ஸ என்று கொள்பவருக்கு, பூத்தபின் மூன்று தம்பங்களே தென்படும்.